நகரமே தடயம்: வழிகாட்டி இல்லாத துப்பறியும் விளையாட்டும் சிவாஜிநகரின் தெருக்களும்

பெங்களூரு: ஒரு கற்பனைக் குற்றம், ஆறு சந்தேக நபர்கள், கையில் ஒரு கைபேசி, எதிரே ஒரு பழைய நகரப்பகுதி. தெருத்தெருவாக நடந்து, சுவரில் உள்ள கல்வெட்டையும் கட்டடத்தின் வளைவையும் சாலையின் பெயரையும் படித்துக் குற்றவாளியைக் கண்டறிய வேண்டும். வழிகாட்டி கிடையாது, புறப்படும் நேரமும் நடையின் வேகமும் விளையாடுவோரின் விருப்பம். வெளிநாட்டு நகரங்கள் பலவற்றில் வார இறுதிப் பொழுதுபோக்காக வளர்ந்துள்ள இவ்வகைத் துப்பறியும் விளையாட்டுக்கு, இந்திய நகரங்களின் பழைய பகுதிகள் பொருத்தமான களங்கள். ஆனால் அக்களங்களில் மக்கள் வாழ்கிறார்கள், வழிபடுகிறார்கள், வணிகம் செய்கிறார்கள். பெங்களூருவின் சிவாஜிநகரை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இவ்விளையாட்டு எப்படி இயங்குகிறது, எங்கே இடறக்கூடும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

விளையாட்டு என்பது என்ன?

வழக்கமான நகர உலாவில் வழிகாட்டி பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள். இதில் அந்த ஏற்பாடு இல்லை. விளையாடும் குழுவுக்கு அச்சிட்ட கோப்பு ஒன்றோ கைபேசிச் செயலி ஒன்றோ தரப்படுகிறது. குற்றத்தின் சுருக்கம், சந்தேக நபர்களின் பட்டியல், அவர்களின் வாக்குமூலங்கள், முதல் இடத்துக்கான குறிப்பு ஆகியவை அதில் இருக்கும். அவ்விடத்தை அடைந்து, அங்கே கண்ணுக்குத் தெரியும் ஒன்றைக் கவனித்தால்தான் கேள்விக்கு விடை கிடைக்கும். விடை சரியானால் அடுத்த இடத்துக்கான குறிப்பு திறக்கும். இவ்வாறு எட்டு அல்லது பத்து இடங்களைக் கடந்தபின் குழு தன் முடிவை அறிவிக்கிறது.

பெரும்பாலும் இரண்டு முதல் ஆறு பேர் கொண்ட குழுக்கள் இதை விளையாடுகின்றன. ஒருவர் வரைபடத்தைப் பார்ப்பார், ஒருவர் குறிப்பெடுப்பார், மற்றொருவர் சுவர்களை நோட்டமிடுவார். விடை தெரியாமல் தவிக்கும்போது உதவிக்குறிப்பு கேட்கலாம். அதற்கு மதிப்பெண் குறையும் அல்லது நேரம் கூடும்.

எங்கிருந்து வந்தது?

இவ்விளையாட்டுக்கு ஒரே ஒரு தாய்வீடு இல்லை. பல மரபுகள் இதில் கலந்துள்ளன. இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் 1854-ஆம் ஆண்டு ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, எளிதில் சென்றடைய முடியாத கிரான்மியர் பூல் என்ற இடத்தில் ஒரு கண்ணாடிக் குடுவையை வைத்தார். அங்கு நடந்து சென்றவர்கள் தங்கள் முகவரி அட்டையை அதில் இட்டுத் திரும்பினர். குறிப்புகளைப் பின்பற்றி ஒளித்துவைத்த பெட்டிகளைத் தேடும் 'லெட்டர்பாக்ஸிங்' பழக்கம் இதிலிருந்து கிளைத்தது.

மற்றொரு வேர் புத்தகத்தில் உள்ளது. 1936-இல் டென்னிஸ் வீட்லி வெளியிட்ட 'மர்டர் ஆஃப் மயாமி' என்ற நூல், நாவலாக இல்லாமல் காவல்துறைக் கோப்பின் வடிவில் வந்தது. வாக்குமூலங்கள், புகைப்படங்கள், தீக்குச்சித் துண்டு போன்ற பொருள்தடயங்கள் கோப்பினுள் இணைக்கப்பட்டிருந்தன. வாசகரே துப்பறிவாளராக வேண்டியிருந்தது. 1981-இல் வெளிவந்த ஷெர்லாக் ஹோம்ஸ் மேசை விளையாட்டு ஒன்று, லண்டன் வரைபடத்தையும் முகவரிப் புத்தகத்தையும் நாளிதழையும் கொடுத்து, எந்த இடத்துக்குச் செல்வது என்பதை விளையாடுவோரின் முடிவுக்கே விட்டது. அதன் ஜெர்மன் பதிப்பு 1985-இல் அந்நாட்டின் 'ஆண்டின் சிறந்த விளையாட்டு' விருதைப் பெற்றது.

மேசையில் இருந்த வரைபடத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தது தொழில்நுட்பம். ஜிபிஎஸ் சமிக்ஞையின் துல்லியத்தைப் பொதுமக்களுக்கு வேண்டுமென்றே குறைத்துவைத்திருந்த கட்டுப்பாட்டை அமெரிக்க அரசு 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. அடுத்த சில நாள்களிலேயே ஒரிகன் மாநிலத்தில் ஒருவர் ஒரு கலனை மறைத்துவைத்து அதன் இருப்பிட எண்களை இணையத்தில் வெளியிட, 'ஜியோகேச்சிங்' பிறந்தது. 2007-இல் ஜப்பானின் கியோட்டோ நகரில், புதிர்களை விடுவித்து அறையிலிருந்து வெளியேறும் விளையாட்டு தொடங்கியது. 2016 ஜூலையில் வெளியான 'போகிமான் கோ' கோடிக்கணக்கானோரைக் கைபேசியுடன் தெருவில் நடக்கவைத்தது. இவை அனைத்தும் சேர்ந்த இடத்தில்தான் இன்றைய வெளிப்புறத் துப்பறியும் விளையாட்டு நிற்கிறது.

தமிழ் வாசகர்களுக்குத் துப்பறிதல் புதிதன்று. திருக்குறளில் 'ஒற்றாடல்' என்று ஓர் அதிகாரமே உண்டு. அச்சு உலகில், நடேச சாஸ்திரி 1894-இல் வெளியிட்ட தானவன் என்ற காவல் நிபுணரின் கதைகள், தமிழின் முதல் துப்பறியும் நூலாகப் பலராலும் குறிப்பிடப்படுகின்றன. கணேஷ்–வசந்த் இணையைப் படைத்த சுஜாதா, பெங்களூருவின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றியவர். ஆக, பெங்களூருவில் ஒரு தமிழ்த் துப்பறியும் விளையாட்டு உருவானால், அதற்கான வாசகப் பயிற்சி ஏற்கெனவே இருக்கிறது.

சிவாஜிநகர் ஏன் பொருத்தமான களம்?

துப்பறியும் விளையாட்டுக்கு அழகிய இடத்தைவிட, படிக்கத்தக்க இடமே தேவை. சிவாஜிநகரின் தெருப்பெயர்களே ஒரு கோப்பு.

பிரிட்டிஷ் படை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருவுக்கு மாறியபோது, 1809-இல் இங்கு ராணுவக் குடியிருப்பு உருவானது. மக்கள் வழக்கில் அது 'தண்டு'. கோட்டையையும் பேட்டைகளையும் கொண்ட பழைய நகரம் ஒருபுறம், தண்டு மறுபுறம் என நெடுங்காலம் இரண்டு ஊர்களாகவே பெங்களூரு இயங்கியது. தண்டுப் பகுதியின் நிர்வாகம் 1947-இல்தான் மைசூர் அரசிடம் திரும்பியது. 1949-இல் இரு நகராட்சிகளும் ஒரே மாநகராட்சியாயின.

படையினருக்குப் பொருள் வழங்கவும் கட்டடம் எழுப்பவும் வீட்டுவேலை செய்யவும் தமிழ்நாட்டுப் பகுதிகளிலிருந்து பெருந்திரளான மக்கள் வந்தனர். அவர்கள் குடியேறிய முதன்மையான இடங்களில் ஒன்று அன்றைய பிளாக்பள்ளி, இன்றைய சிவாஜிநகர். வெள்ளை அரிசி விளைந்த ஊர் என்ற பொருள் தரும் கன்னடப் பெயர் ஆங்கிலேயர் நாவில் 'பிளாக்பள்ளி' ஆனது என்று ஒரு விளக்கம் கூறப்படுகிறது. பெயருக்குள்ளேயே வெள்ளை கறுப்பாக மாறிய புதிர் இருக்கிறது.

சுற்றியுள்ள சாலைகளை வரிசையாகப் படித்தால் படைமுகாமின் வரைபடம் எழுகிறது. இன்ஃபான்ட்ரி சாலை காலாட்படையின் நினைவு. காமராஜ் சாலையின் முந்தைய பெயர் கேவல்ரி சாலை, குதிரைப்படையின் நினைவு. கப்பன் சாலை, மைசூர் ஆணையராக இருந்த மார்க் கப்பனின் பெயரால் அமைந்தது. டிஸ்பென்சரி சாலை ஒரு மருந்தகம் இருந்ததைச் சொல்கிறது. ஓல்டு புவர் ஹவுஸ் சாலை ஆதரவற்றோருக்கான இல்லம் இருந்ததைச் சொல்கிறது. தர்மராஜா கோயில் தெரு, மீனாட்சி கோயில் தெரு, நாராயண பிள்ளை தெரு ஆகியவை தமிழ்க் குடியேற்றத்தின் தடங்கள். இப்ராஹிம் சாகிப் தெருவும் ஜும்மா மசூதியும் முஸ்லிம் வணிகர்களின் வரலாற்றைத் தாங்குகின்றன. பர்தா முறையைக் கடைப்பிடித்த பெண்களுக்காக எழுந்த கோஷா மருத்துவமனை, கொடையாளர் ஹாஜி சர் இஸ்மாயில் சேட்டின் பெயரை இன்றும் சுமக்கிறது.

இரண்டு கிலோமீட்டருக்குள் நடந்து முடிக்கக்கூடிய வட்டத்தில் இத்தனையும் அடங்குவது, விளையாட்டை வடிவமைப்பவருக்குப் பெரும் வசதி.

ஒரு மாதிரி வழக்கு

இவ்விளையாட்டின் உள்ளமைப்பைப் புரிந்துகொள்ள, சிவாஜிநகருக்காக ஒரு கற்பனை வழக்கை அமைத்துப் பார்க்கலாம். கதை கற்பனை, அது சார்ந்திருக்கும் இடங்களும் ஆண்டுகளும் உண்மை.

பழைய தகரப்பெட்டி ஒன்றில் ஆறு கடிதங்கள் கிடைக்கின்றன. ஆறிலும் 1944 என்ற ஆண்டு எழுதப்பட்டுள்ளது. ஒரு வீட்டின் உரிமையை நிலைநாட்ட இக்கடிதங்கள் சான்றாகக் காட்டப்படுகின்றன. ஆனால் அவற்றுள் சில பிற்காலத்தில் எழுதப்பட்ட போலிகள். எவை போலி, எழுதியவர் யார் என்பதே வழக்கு.

முதல் கடிதம், ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் வந்து தண்டு நிலையத்தில் இறங்கியதாகச் சொல்கிறது. அந்த ரயில்பாதை 1864-இலேயே திறக்கப்பட்டுவிட்டதால் இதில் முரண் இல்லை. இரண்டாவது கடிதம், ரஸ்ஸல் சந்தையில் பழம் வாங்கியதைப் பேசுகிறது. நகராட்சி ஆணையராக இருந்த டி.பி. ரஸ்ஸலின் பெயரைத் தாங்கிய இச்சந்தைக் கட்டடம் 1927-இல் கட்டப்பட்டு 1933-இல் திறக்கப்பட்டது. எனவே இதுவும் ஏற்கத்தக்கதே. மூன்றாவது கடிதம், பவுரிங் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றதைக் குறிப்பிடுகிறது. மைசூர் ஆணையர் லூவின் பவுரிங்கின் காலத்தில், 1860-களில் தொடங்கிய மருத்துவமனை அது. மூன்று கடிதங்களும் தேர்வில் தேறிவிடுகின்றன.

நான்காவது கடிதத்தில் 'புனித மரியன்னை பசிலிக்காவில் திருப்பலி கண்டேன்' என்று ஒரு வரி. பெங்களூருவின் மிகப் பழைய கிறித்தவ ஆலயங்களுள் ஒன்றான இது, சிறு கூரைக் கோயிலாகத் தொடங்கி, இன்றைய கோதிக் பாணிக் கட்டடமாக 1882-இல் அருட்பொழிவு பெற்றது. ஆனால் 'பசிலிக்கா' என்ற தகுதி 1973-இல்தான் வழங்கப்பட்டது. 1944-இல் ஒருவர் அச்சொல்லை எழுதியிருக்க முடியாது. கடிதம் போலி.

ஐந்தாவது கடிதம், அதே ஆலயத்தின் வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் வழியே விழுந்த ஒளியை வருணிக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது அக்கண்ணாடிகள் பாதுகாப்புக்காகக் கழற்றப்பட்டு, 1947-இல் மீண்டும் பொருத்தப்பட்டதாக ஆலய வரலாறு கூறுகிறது. அழகான வருணனையே பொய்யைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

ஆறாவது கடிதம், காமராஜ் சாலையில் குதிரைவண்டி ஏறியதாகச் சொல்கிறது. 1944-இல் காமராஜர் சுதந்திரப் போராட்ட வீரர். அந்தச் சாலை அப்போது கேவல்ரி சாலை. பெயர்ப்பலகையைப் படித்து, பழைய வரைபடத்துடன் ஒப்பிடும் குழு இதைப் பிடித்துவிடும்.

மூன்று போலிகளின் கையெழுத்தும் சந்தேகப் பட்டியலில் உள்ள ஒருவரின் வாக்குமூலக் கையெழுத்தும் ஒத்துப்போனால் வழக்கு முடிந்தது.

இங்கு கவனிக்க வேண்டியது ஒன்று. எந்தக் கேள்விக்கும் வரலாற்றுப் பட்டம் தேவையில்லை. ஆனால் ஒவ்வோர் இடத்திலும் நின்று, ஆண்டையும் பெயரையும் படித்து, 'அப்போது இது இருந்ததா?' என்று கேட்கும் பழக்கம் தேவை. பொய்ச் செய்திகளும் போலி ஆவணங்களும் கைபேசியில் நாள்தோறும் வந்துசேரும் காலத்தில், அப்பழக்கத்தின் பயன் விளையாட்டோடு முடிவதில்லை.

தடயத்துக்கு வேண்டிய தகுதிகள்

நல்ல தடயத்துக்கு மூன்று தகுதிகள் வேண்டும். முதலாவது, அது நேரில் வந்தவருக்கு மட்டுமே கிடைக்க வேண்டும். வீட்டிலிருந்தே இணையத்தில் தேடி விடை காண முடிந்தால் நடைக்குப் பொருளில்லை. இரண்டாவது, அது நிலையானதாக இருக்க வேண்டும். கடையின் விளம்பரத் தட்டியும் சுவரொட்டியும் அடுத்த வாரம் இருக்காது. அடிக்கல்லும் தூணும் வளைவும் இருக்கும். மூன்றாவது, அது பொது இடத்திலிருந்தே தெரிய வேண்டும். யாருடைய வாசலுக்குள்ளும் எட்டிப்பார்க்க வைக்கும் தடயம், வடிவமைப்பின் தோல்வி.

இருப்பிடத்தைக் காட்டும் தொழில்நுட்பத்தை முழுவதும் நம்புவதும் சரிவராது. நெருக்கமான கட்டடங்களுக்கு இடையில் ஜிபிஎஸ் சமிக்ஞை சுவர்களில் பட்டுத் தெறிப்பதால், கைபேசி காட்டும் இடம் அடுத்த தெருவாகிவிடக்கூடும். ரஸ்ஸல் சந்தையைச் சுற்றியுள்ள சந்துகளில் 'நீங்கள் வந்துவிட்டீர்கள்' என்ற அறிவிப்பைவிட, 'எதிரே வளைவுகள் கொண்ட கட்டடம் தெரிகிறதா?' என்ற கேள்வியே நம்பகமானது.

மொழியும் இங்கே ஒரு கருவி. தமிழ், கன்னடம், தக்காண உருது, ஆங்கிலம் ஆகிய நான்கும் சிவாஜிநகரில் அன்றாடம் புழங்குகின்றன. கோயில் வாசலில் தமிழ் எழுத்து, மசூதியருகே உருது, அரசு அலுவலகத்தில் கன்னடம், பழைய அடிக்கல்லில் ஆங்கிலம். ஆங்கிலம் மட்டும் தெரிந்த குழுவுக்குப் பாதித் தடயங்கள் ஊமையாகிவிடும். தமிழ் எழுத்து தெரிந்த பாட்டியையோ கன்னடப் பள்ளியில் படிக்கும் சிறுவனையோ உடன் அழைத்துவரும் குடும்பம், விரைவாக விடைகாணும். செயலிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் மட்டுமே உருவாகும் சூழலில், இதைப் பன்மொழி விளையாட்டாக அமைப்பது பலருக்கும் கதவைத் திறக்கும்.

மறையும் தடயங்கள்

நகரத்தையே தடயமாகக் கொள்ளும் விளையாட்டுக்கு, நகரம் மாறுவதே பெரிய சிக்கல். ரஸ்ஸல் சந்தையில் 2012 பிப்ரவரியில் ஏற்பட்ட தீ விபத்தில் பல கடைகள் எரிந்தன. பெயர்ப்பலகைகளில் 60 விழுக்காடு இடம் கன்னடத்துக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்ற விதி 2024-இல் நடைமுறைக்கு வந்தபின், பெங்களூருவின் பல கடைகளில் பலகைகள் மாறின. பலகையில் உள்ள எழுத்துகளை எண்ணச் சொல்லும் கேள்வி ஏதேனும் இருந்திருந்தால், அது ஒரே மாதத்தில் பொய்த்திருக்கும்.

நிலத்துக்கு அடியிலும் மாற்றம் நடந்துள்ளது. நம்ம மெட்ரோவின் இளஞ்சிவப்புத் தடத்துக்காகத் தண்டுப் பகுதியிலிருந்து தோண்டிவந்த 'ஊர்ஜா' என்ற சுரங்க இயந்திரம், 2021 செப்டம்பரில் சிவாஜிநகரில் வெளிப்பட்டது. அவ்விடத்தில் அமையும் நிலையத்துக்குப் புனித மரியன்னையின் பெயரைச் சூட்டப் பரிந்துரைக்கப்படும் என்று முதல்வர் சித்தராமையா 2025 செப்டம்பரில் ஆலயத் திருவிழாவில் அறிவித்தார். அது அரசியல் விவாதமாக வெடித்தது. பிளாக்பள்ளி சிவாஜிநகர் ஆனது, கேவல்ரி சாலை காமராஜ் சாலை ஆனது, இப்போது நிலையத்தின் பெயர் குறித்து வாதம். இப்பகுதியில் பெயர் என்பது எப்போதும் யாரோ ஒருவரின் உரிமைக் கோரிக்கையும் ஆகும்.

இதனால் விளையாட்டை நடத்துவோர் குறிப்பிட்ட இடைவெளியில் பாதையை நடந்து சரிபார்க்க வேண்டியுள்ளது. அந்தச் சரிபார்ப்புக்கு மற்றொரு பயனும் உண்டு. எந்த அடிக்கல் பெயர்க்கப்பட்டது, எந்தப் பழைய பலகை காணாமல்போனது என்பதற்கான பதிவாகவும் அது அமையும்.

பெட்டி மறைத்தல் ஆபத்து

டார்ட்மூர் மேட்டுநிலத்தில் பெட்டியை ஒளித்துவைக்கலாம். பெங்களூருவின் சந்தையில் முடியாது. சின்னசாமி விளையாட்டரங்கம் (2010), மல்லேஸ்வரம் (2013), சர்ச் தெரு (2014), ராமேஸ்வரம் கஃபே (2024) ஆகிய இடங்களில் குண்டுவெடிப்புகளைச் சந்தித்த நகரம் இது. கேட்பாரற்றுக் கிடக்கும் பையோ டப்பாவோ காவல்துறையையும் வெடிகுண்டு நிபுணர்களையும் வரவழைக்கும். மக்கள் சிதறி ஓடவும் காரணமாகலாம்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 2007 ஜனவரி 31 அன்று, கார்ட்டூன் நிகழ்ச்சி ஒன்றின் விளம்பரத்துக்காகப் பொது இடங்களில் பொருத்தப்பட்ட சிறு மின்விளக்குப் பலகைகள் வெடிபொருள் என்ற ஐயத்தை எழுப்பின. சாலைகளும் பாலங்களும் மூடப்பட்டன. வேடிக்கைக்காக வைக்கப்பட்ட பொருள், பார்ப்பவருக்கு வேடிக்கையாகத் தெரியவேண்டும் என்ற கட்டாயமில்லை என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

எனவே இந்திய நகரங்களில் இவ்விளையாட்டுக்குப் பொருத்தமான முதல் விதி: எதையும் வைக்காதே, எதையும் ஒட்டாதே, எதையும் எடுக்காதே. ஏற்கெனவே அங்கு இருப்பதை மட்டும் படி. க்யூஆர் குறியீட்டு ஒட்டிகளைச் சுவரில் ஒட்டுவதும் இவ்விதிக்கு முரணானதே. பொது இடத்தில் ஒட்டப்பட்ட குறியீட்டின் மேல் மோசடிக்காரர்கள் வேறொன்றை ஒட்டும் வாய்ப்பும் உண்டு.

ராணுவ நிலங்கள் இப்பகுதியை ஒட்டியே உள்ளன. கப்பன் சாலையில் மானெக்‌ஷா அணிவகுப்புத் திடல் இருக்கிறது. அத்தகைய இடங்களின் சுற்றுச்சுவரையும் வாயிலையும் படமெடுக்கத் தூண்டும் கேள்வி சட்டச் சிக்கலில் முடியும். பாதையை வகுக்கும்போதே அவற்றை விலக்கிவிடுவது நல்லது.

வாழ்வோரின் இடம்

விளையாடுவோருக்கு நகரம் மேடை. அங்கு வாழ்வோருக்கு அது வீடு. இவ்விரண்டும் மோதிய நிகழ்வுகள் ஏற்கெனவே உண்டு. 'போகிமான் கோ' வெளியான சில நாள்களிலேயே, போலந்தின் ஆஷ்விட்ஸ் நினைவகமும் ஜப்பானின் ஹிரோஷிமா நகரமும் தங்கள் நினைவிடங்களை விளையாட்டிலிருந்து நீக்கக் கோரின. இந்தியாவில், வழிபாட்டுத் தலங்களில் முட்டை தோன்றுவதாக அமைந்தது மத உணர்வைப் புண்படுத்துகிறது என்று கூறி, 2016-இல் குஜராத் உயர் நீதிமன்றத்தில் பொதுநல மனு தாக்கல் செய்யப்பட்டது.

குற்றக் கதையைத் தேர்ந்தெடுப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். லண்டனின் வைட்சேப்பல் பகுதியில் 1888-இல் நடந்த தொடர் கொலைகளைச் சுற்றி நெடுங்காலமாக இரவு உலாக்கள் நடக்கின்றன. 2015-இல் அக்கொலையாளியின் பெயரில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோது, பெண்களின் வரலாற்றைச் சொல்வதாகக் கூறி அனுமதி பெற்ற இடத்தில் அவர்களின் கொலையாளியைக் கொண்டாடுவதா என்று போராட்டம் எழுந்தது. பெங்களூருவிலும் மறக்கப்படாத உண்மைக் குற்றங்கள் உண்டு. பாதிக்கப்பட்டோரின் குடும்பங்கள் இன்றும் இங்கு வாழ்கின்றன. கற்பனை வழக்கே பாதுகாப்பானது. அதிலும் 'சந்தேக நபர்' என்ற பாத்திரத்தை, தெருவில் உண்மையாகக் கடை நடத்துபவரின் சாயலிலோ, ஒரு குறிப்பிட்ட சமூகத்தின் அடையாளத்திலோ படைப்பது தீங்கு தரும். பல சமயத்தாரும் அருகருகே வாழும் சிவாஜிநகரில் இது வெறும் நாகரிகம் சார்ந்த செய்தியன்று, அமைதி சார்ந்தது.

நேரமும் முக்கியம். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை, ஞாயிறு காலைத் திருப்பலி, ரமலான் மாத இரவுகள், ஆகஸ்ட் 29-இல் கொடியேற்றத்துடன் தொடங்கி செப்டம்பர் 8-இல் தேர்ப்பவனியுடன் நிறைவுறும் மரியன்னை திருவிழா ஆகிய காலங்களில் இப்பகுதி மக்கள்திரளால் நிறையும். அந்நாள்களில் கைபேசியைப் பார்த்தபடி கூட்டமாக நிற்கும் குழு அனைவருக்கும் இடையூறு. சுமைதூக்கும் தொழிலாளர் தலையில் கூடையுடன் விரையும் சந்தையின் அதிகாலை நேரமும் அவ்வாறே.

யாரால் நடக்க முடியும்?

விளையாட்டின் உண்மையான பரிசு, தெருவில் காரணமின்றி நிற்கும் உரிமை எனலாம். ஆண்கள் தேநீர்க் கடையருகே மணிக்கணக்கில் நிற்பதை யாரும் கேள்வி கேட்பதில்லை. ஒரு பெண் நின்றால் பார்வைகள் திரும்பும். பொது இடத்தில் பெண்களின் இருப்பை வலியுறுத்தும் 'பிளாங்க் நாய்ஸ்' இயக்கம் 2003-இல் தொடங்கியது பெங்களூருவில்தான். கையில் ஒரு வழக்கும் அருகில் ஒரு குழுவும் இருந்தால், அறியாத தெருவில் நின்று நிமிர்ந்து பார்க்கும் துணிவு கிடைக்கிறது. ஆனால் பாதையை வகுப்பவர் ஒளியில்லாத சந்துகளையும் நடைபாதை இல்லாத சாலைகளையும் தவிர்த்தால்தான் அத்துணிவு நிலைக்கும். சக்கர நாற்காலியில் வருவோருக்கு மாற்றுவழி, இடையில் கழிப்பறை, குடிநீர், உட்கார ஓர் இடம் ஆகியவற்றையும் குறிப்பில் சேர்ப்பது அவசியம்.

தரவுப் பாதுகாப்பு மற்றொரு கேள்வி. செயலி, விளையாடுவோரின் இருப்பிடத்தை நொடிக்கு நொடி பதிவு செய்யக்கூடும். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கோருகிறது. இருப்பிட அனுமதியை 'செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும்' என்று அமைத்து, விளையாட்டு முடிந்ததும் நீக்கிவிடுவது எளிய தற்காப்பு. அச்சிட்ட கோப்பைக் கொண்டு விளையாடினால் இக்கேள்வியே எழாது.

விளையாடுவோர் கவனிக்க வேண்டியவை

* பகல் வெளிச்சத்தில் தொடங்கி, பொழுது சாயும் முன் முடித்துக்கொள்ள வேண்டும்.
* சாலையைக் கடக்கும்போது கைபேசியைப் பையில் வைக்க வேண்டும். குழுவில் ஒருவர் மட்டும் திரையைப் பார்த்தால் போதும்.
* வழிபாட்டுத் தலங்களில் தடயம் வெளிப்புறத்திலிருந்தே தெரிய வேண்டும். உள்ளே செல்ல நேர்ந்தால் அங்குள்ள விதிகளே முதன்மையானவை.
* கடைக்காரரிடமோ குடியிருப்பவரிடமோ பேசும்போது, விளையாட்டு நடப்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அனுமதியின்றி யாரையும் படமெடுக்கக் கூடாது.
* காவலர் கேட்டால் கோப்பையோ செயலியையோ காட்டி விளக்க வேண்டும்.
* சந்தையில் நின்று விடைதேடும் குழு, அங்கேயே ஒரு கிலோ பழமோ ஒரு குவளைத் தேநீரோ வாங்குவது இடத்துக்குச் செய்யும் மரியாதை.

இத்தகைய விளையாட்டை உருவாக்கப் பெரிய முதலீடு தேவையில்லை. ஒரு பள்ளி ஆசிரியரோ, தமிழ் மன்றமோ, குடியிருப்போர் சங்கமோ, தங்கள் பகுதியின் பெயர்ப்பலகைகளையும் அடிக்கற்களையும் ஒருமுறை நடந்து பதிவு செய்தால் பாதி வேலை முடிந்துவிடும். மீதிப் பாதி, அவற்றுள் எந்த ஆண்டு எந்தப் பொய்யைக் காட்டிக்கொடுக்கும் என்று யோசிப்பது. அவ்வாறு பதிவு செய்யப்படாத கற்கள் அடுத்த சாலை விரிவாக்கத்திலேயே மறையக்கூடும். அவை மறைந்தபின், 1944-இல் அந்தச் சாலைக்கு என்ன பெயர் என்று கேட்டால் விடை சொல்லத் தெருவில் எதுவும் இருக்காது.